ரோஜா முள்ளும் பாதி மந்திரமும்

பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் என் வாயைத்தான் பார்க்கிறார்கள். பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தால், "வாத்தியாரே, ஒரு கொட்டாவி விடுங்க பாக்கலாம்" என்று கேட்கிற அளவுக்கு எங்கள் அஸ்தம்பட்டிக்காரர்களுக்கு என் தாடையின் மேல் அக்கறை. தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. நீளமாகப் பேசினால் இன்னும் காதுக்குக் கீழே வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன். முள் தைத்தால் என்ன செய்யக்கூடாது என்பதாவது படிக்கிறவர்களுக்கு மிஞ்சட்டும்.

நான் எங்கள் கோயிலின் பங்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித் தருகிற ஞானோபதேசமும் நான்தான் நடத்துகிறேன். வீட்டுக்குப் பின்னால் பன்னீர் ரோஜாச் செடிகள் வைத்திருக்கிறேன். ஜெபமாலை மாதமான அக்டோபர் முழுக்க மாதா பீடத்துக்கு என் வீட்டுப் பூதான் போகும். அதில் எனக்கு இருந்த கர்வத்தைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட நான் சொன்னதில்லை. அக்டோபரில் பூக்க வேண்டுமென்றால் மழைக்கு முன்பே கிளைகளை வெட்டிவிட்டு உரம் வைக்க வேண்டும். ரோஜாவுக்குக் குதிரைச் சாணத்தைப் போல ஒரு உரம் கிடையாது. ஜட்கா ஸ்டாண்டுக்குப் போய் வண்டிக்காரர்களிடம் கேட்டு, கூடையில் அள்ளி வந்து போடுவேன்.

ஜெபமாலையின் லத்தீன் பெயருக்கு ரோஜா மாலை என்றுதான் அர்த்தம். நாம் சொல்கிற ஒவ்வொரு மந்திரமும் மாதாவின் காலடியில் வைக்கிற ஒரு பூ. ஜெபமாலையில் தியானிக்கிற சந்தோஷ ரகசியங்களுக்கு வெள்ளை ரோஜா, துக்கத்துக்குச் சிவப்பு, மகிமைக்கு மஞ்சள். ஏதேன் தோட்டத்தில் ரோஜாவுக்கு முள்ளே கிடையாது, மனுஷன் பாவம் செய்த பிறகுதான் முளைத்தது, மாதா மட்டும் முள்ளில்லாத ரோஜா என்றெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவேன். முள்ளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அந்தோணியம்மாள் என்று பெயர். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள். ராசிபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டு, மாமா காலமான பிறகு எங்களோடு வந்துவிட்டாள். பேச்சு மட்டும் அந்த ஊர்ப் பேச்சாகவே நின்றுவிட்டது. ஜெபமாலை சொன்னால் அவள்தான் முன்பாதி சொல்வாள், மற்றவர்கள் பின்பாதி சொல்வார்கள். அவள் குரல் கோயிலில் கிளம்பினால் ஏற்காடு ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவளுடைய இன்னொரு தொழில் ரோஜா வைத்தியம். உடம்புச் சூட்டுக்கு அவள் போடும் குல்கந்து, கண் எரிச்சலுக்குப் பன்னீர், வாய்ப்புண்ணுக்குக் காய்ந்த இதழ்ப் பொடி, கட்டிக்கு அரைத்த இதழ்ப் பற்று. பலருக்குக் குணமாகியும் இருக்கிறது. அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

அந்த வருஷம் கிளை வெட்டியபோது வெட்டிப்போட்ட கொம்பை வெறுங்காலால் மிதித்துவிட்டேன். முள் குதிகாலில் ஆழமாக இறங்கி உள்ளேயே ஒடிந்தது. அக்கா ஊக்கால் கிளறி எடுத்தாள். எடுத்தது முழுசா பாதியா என்று யாருக்கும் தெரியாது. அதே கொம்பில் இருந்த பூவின் இதழைப் பறித்து அரைத்து, மாதா படத்துக்கு முன்னால் காட்டிவிட்டு, குதிகாலில் அப்பிக் கட்டினாள். "குத்துன செடியே ஆத்திப்போடும் சாமி" என்றாள். அது அவர்கள் பக்கத்து வழக்கம். இரண்டொரு நாளில் காயம் மூடிவிட்டது. நானும் மறந்துவிட்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது வாய் சரியாகத் திறக்கவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். கடைவாய்ப் பல் என்று நினைத்தேன். அக்கா குல்கந்து எடுத்து வந்தாள். கரண்டி பல்லில் இடித்து நின்றது. உள்ளே போகவில்லை. மறுநாள் காலையில் கழுத்தும் விறைத்துவிட்டது. என் மனைவி பிலோமினா அதிகம் பேசாதவள். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஏங்க, நீங்க சிரிக்கலையே? சிரிக்கிற மாதிரி இருக்கு மூஞ்சி" என்றாள். உடனே ஜட்கா பிடித்து என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் முதுகில் யாரோ கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. அக்கா எதிரில் உட்கார்ந்து, குல்கந்து ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள். நாமக்கல் பக்கத்துப் பண்ணையக்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கதவு படாரென்று சாத்திய சத்தத்தில் என் முதுகு வளைந்து நிமிர்ந்ததை அவர் பார்த்துவிட்டார். "ஏனுங்கம்மா, இவரை மொதல்ல உள்ள கூட்டிட்டுப் போங்க. என்ற வகுத்து வலி எங்கயும் ஓடிப்போயிராது" என்று எழுந்து வழிவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். சின்ன மரத் தகடு ஒன்றைப் பல் இடுக்கில் நுழைத்துத் தொண்டையைத் தொட்டார். தொட்டதுதான் தாமதம், தாடை தானாக இறுகி அந்தத் தகட்டைக் கடித்துக்கொண்டது. விட வேண்டும் என்று நினைத்தும் என்னால் விட முடியவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"சமீபத்துல எங்கயாவது காயம் பட்டுச்சா?"

இல்லை என்று பல்லுக்குள்ளேயே சொன்னேன். பிலோமினாதான், "குதிகால்ல ரோஜா முள்ளு ஏறுச்சு டாக்டர்" என்றாள். அக்கா பெருமையாக முன்னால் வந்தாள். "அது ஆறிப்போச்சுங்க. நாந்தானுங்க வைத்தியம் பாத்தேன். எதழ அரைச்சு இறுக்கிக் கட்டுனேன், ரெண்டே நாள்ல வாய் மூடிக்கிச்சு."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். பொறுமையாகச் சொன்னார். இதற்கு ரணஜன்னி, இங்கிலீஷில் டெட்டனஸ் என்று பெயர். மண்ணிலும் சாணத்திலும், முக்கியமாகக் குதிரைச் சாணத்தில், இதன் கிருமி இருக்கும். மற்றக் கிருமிகளைப் போல இல்லை, இதற்குக் காற்று ஆகாது. திறந்த புண்ணில் இது பிழைப்பது கஷ்டம். மேலே மூடி உள்ளே ஆழமாக இருக்கிற புண் என்றால் அதற்குச் சொந்த வீடு மாதிரி. அங்கே உட்கார்ந்து ஒரு விஷத்தைக் கக்கும். விஷம் நரம்பு வழியாக ஏறி, சதையெல்லாம் இறுகிப்போகும். முதலில் தாடை, பிறகு கழுத்து, முதுகு, கடைசியில் மூச்சு விடுகிற சதை.

"அந்தப் புண்ணை மூடியிருக்கக் கூடாதும்மா" என்றார். அக்கா கையிலிருந்த ஜாடி தரையில் மெதுவாக இறங்கியது.

"பொழைச்சுக்குவாருங்களா?" என்று பிலோமினா கேட்டாள்.

"ஊசி போடுறோம். இந்த வாரம் தாண்டட்டும்."

விஷத்தை முறிக்கிற மருந்தைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிறார்களாம். நோய் கொடுத்ததும் குதிரை, மருந்து கொடுப்பதும் குதிரை, ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்ததும் குதிரை. சிரிக்க முடிந்திருந்தால் அங்கேயே சிரித்திருப்பேன். குதிகாலை மறுபடி வெட்டித் திறந்து, நுரைத்துக்கொண்டு வருகிற ஒரு மருந்தை ஊற்றி, கட்டுப்போடாமல் திறந்தே விட்டார்கள். உள்ளே மிளகளவு முள் இன்னும் இருந்தது.

பிறகு என்னைக் கோடியில் இருந்த ஒரு அறைக்குக் கொண்டுபோனார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. காதில் பஞ்சு. இந்த வியாதிக்காரனுக்கு வெளிச்சம், சத்தம், தொடுதல் மூன்றும் ஆகாது. ஒரு தட்டு விழுந்தால் போதும், உடம்பு முழுவதும் வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் நிற்கும். மூச்சு நின்றுவிடும். வலி என்று ஒரு சொல் இருக்கிறது, அது இதற்குப் போதாது. இதில் மிகப் பெரிய கொடுமை என்னவென்றால் நினைவு தப்புவதே இல்லை. எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும். ஐயோ என்று கத்தத்தான் வாய் இருக்காது. மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு அதில் பாலும் கஞ்சித் தண்ணீரும் ஊற்றினார்கள். அந்தக் குழாயை மாட்டும்போது வந்த இழுப்பில் நான் செத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

வார்டுக்குப் பொறுப்பான கன்னியாஸ்திரீ செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். அதைப் பார்த்த பிலோமினா அன்று சாயங்காலமே கையிலிருந்த கண்ணாடி வளையல்களையெல்லாம் கழற்றினாள். மெட்டியையும் கழற்றினாள். கதவுக்கு வெளியே அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அவளுடைய கிசுகிசுப்பே மற்றவர்கள் பேச்சளவு இருக்கும். பஞ்சையும் மீறி எனக்குக் கேட்டது.

"அவன் உசுரோட இருக்கறப்பவே வளையலக் கழட்டறயாடி? அவ்ளோ அவசரமா உனக்கு?"

"சத்தம் வரக்கூடாதுன்னாங்க அண்ணி" என்றாள் பிலோமினா. சுமங்கலி கை வெறுமையாக இருக்கலாமா என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொன்னாள். அந்த இருட்டில் வெறுங்கையோடு அவள் என் கட்டிலருகே நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். என் மனைவியை நான் அவ்வளவு நாள் சரியாகப் பார்த்ததில்லை.

அந்த வார வெள்ளிக்கிழமை ஒரு அனர்த்தம் நடந்தது. கன்னியாஸ்திரீ வேறு வார்டுக்குப் போயிருந்தார். அக்கா எங்கள் கோயில் பங்குக்காரர்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் சனங்களுக்கு வியாதிக்காரனைப் பார்க்க வந்தால் கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்று உரக்க ஜெபமாலை சொல்லாமல் திரும்பத் தெரியாது. சத்தம் எவ்வளவோ அவ்வளவு பக்தி. நானே எத்தனை கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். கதவுக்கு வெளியேதானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. வராந்தாவில் முழங்கால்கள் தரையில் படுவது எனக்குக் கேட்டது. என்ன நடக்கப்போகிறது என்பது அந்த இடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லை. மாதாவே, இவர்கள் உன்னைக் கூப்பிடக்கூடாது என்று மாதாவிடமே மன்றாடினேன். அப்படி ஒரு ஜெபத்தை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

அக்கா மாதாவை வாழ்த்துகிற பிரியதத்த மந்திரத்தின் முன்பாதியைச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு, அதாவது ஏற்கனவே கடித்திருந்த பல்லோடு, தாங்கினேன். பிறகு எல்லோரும் சேர்ந்து பின்பாதியை முழங்கினார்கள்.

உடம்பு கட்டிலை விட்டு எழும்பியது. நெஞ்சு பலகையாகிவிட்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நாக்கைக் கடித்து வாயில் ரத்தம். கண்ணுக்கு முன்னால் கறுப்பும் சிவப்பும். அக்கா இரண்டாவது மந்திரத்தைத் தொடங்கினாள். அது பாதியில் அறுந்தது.

அறுத்தது பிலோமினா. என் கட்டிலருகே இருந்தவள் கதவைத் திறந்து ஓடி, அக்காவின் வாயைக் கையால் பொத்திவிட்டாளாம். நாத்தனார் முன்னால் நிமிர்ந்து உட்காராத பெண், பங்கு சனம் அத்தனை பேர் பார்க்க, அந்த வாயைப் பொத்தி, இன்னொரு கையால் திறந்த கதவுக்குள்ளே காட்டினாள். நான் வளைந்து நீலமாகிக் கிடந்ததை அக்கா அப்போதுதான் முதல் தடவை பார்த்தாள்.

டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார். மூச்சு எப்போது திரும்பியது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கே பங்குச் சாமியாரை வரவழைத்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார்கள். கண், காது, மூக்கு, உதடு, கை, கால் என்று ஒவ்வொரு இடமாக எண்ணெய் தொட வேண்டும். ஒவ்வொரு தொடுதலுக்கும் இழுப்பு வந்துவிடுமோ என்று நானும் பயந்தேன், அவரும் பயந்தார். லத்தீன் ஜெபங்களை உதட்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டார். சாகப்போகிறேன் என்று நம்பினேன். பரலோகத்தைப் பற்றி எதுவும் தோன்றவில்லை. பிலோமினா மறுபடி வளையல் போட முடியாமலே போய்விடுமே என்றுதான் அழுகை வந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒன்று மட்டும் மாறியிருந்தது. அக்காவின் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. ஊருக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டுவிட்டாள் என்றும் நினைத்தேன். ஆனால் கதவு இடுக்கு வழியாகப் பன்னீர் ரோஜா வாசனை மட்டும் தினமும் வந்தது. வாசனைக்கு இழுப்பு வருவதில்லை. அந்த அறைக்குள் வர அனுமதி இருந்த ஒரே விருந்தாளி அதுதான்.

இழுப்புகள் குறையத் தொடங்கிய பிறகு பிலோமினா என் காதுப் பஞ்சை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். அக்கா எங்கும் போகவில்லை. காலையில் வெட்டாமல் விட்ட நம் செடிகளில் பூத்ததைப் பறித்துக்கொண்டு வந்து கதவோரம் தரையில் உட்கார்ந்துகொள்கிறாள். ஜெபமாலையைக் கையில் எடுப்பதில்லை, மணி ஒன்றோடொன்று உரசுமாம். ஒரு மந்திரத்துக்கு ஓர் இதழ் என்று தட்டில் போடுகிறாள். உதடு மட்டும் அசைகிறது.

"ஆனா பாதிதாங்க சொல்றாங்க" என்றாள் பிலோமினா. "உதட்டப் பாத்துட்டே இருந்தேன். முன்பாதியோட நிறுத்திட்டு அடுத்த இதழை எடுத்துடுறாங்க. கேட்டா, பின்பாதி அவனோடதுன்னு சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க."

எங்கள் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது அக்கா முன்பாதி, நான் பின்பாதி. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் உதடு வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. கிளிசரினும் பன்னீரும் கலந்து தடவினால் ஆறும் என்று கன்னியாஸ்திரீ சொன்னார். அக்காவிடமே போய், நீங்கள் வீட்டில் வடித்த நல்ல பன்னீர் கொண்டுவாருங்கள் என்று கேட்டிருக்கிறார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாளாம். "வேண்டாமுங்க தாயி. என்ற கைப்பட்டது போதுமுங்க. என்ற ரோசாப்பூவே அவனுக்கு எமனாப் போச்சு." கன்னியாஸ்திரீ விடவில்லை. உதட்டுக்கு ஆகிறது ஆழமான புண்ணுக்கு ஆகாது, அதற்குப் பூ என்ன செய்யும் என்று சொல்லி வாங்கிவந்துவிட்டார். அந்தப் பன்னீரில்தான் என் உதடு ஆறியது. இதை வைத்தியம் அறிந்தவர்கள் கவனிக்கட்டும்: எந்த முள் தைத்தாலும் கழுவித் திறந்து விடுங்கள், ஊசிக்கு ஓடுங்கள். பூவைப் பூவுக்குரிய இடத்தில் வையுங்கள்.

டாக்டர் தினமும் வந்து என் பல் இடுக்கில் விரலை வைத்து அளந்து பார்ப்பார். முதலில் நகம்கூட நுழையவில்லை. பிறகு ஒரு விரல். இரண்டு விரல் நுழைந்த அன்று ஜன்னலின் கறுப்புத் துணியை விலக்கினார்கள். வெளிச்சம் வந்தது, உடம்பு வளையவில்லை. பிலோமினா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதாள். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே வளையல்கள். ஒவ்வொன்றாக என் கண்ணெதிரே போட்டுக்கொண்டாள். அவை உரசிய சத்தத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படிப்பட்ட சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"அக்காவ" என்றேன். கல்லில் தேய்த்த மாதிரி ஒரு குரல். அதுதான் என் முதல் பேச்சு.

அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். கையில் இதழ்த் தட்டு. கட்டிலருகே வர மாட்டேன் என்கிறாள். பிலோமினா போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அன்றைக்கு வாயைப் பொத்திய அதே கை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"சொல்லுக்கா" என்றேன்.

"என்னத்தச் சொல்ல சாமி?"

"முன்பாதி."

அவள் சொன்னாள். எங்கள் அக்காவுக்கு அவ்வளவு சின்னக் குரல் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சொல்லி முடித்து ஓர் இதழைத் தட்டில் போட்டாள். நான் பின்பாதியை எடுத்தேன். ஒவ்வொரு வார்த்தையாகத் தாடை வலிக்க வலிக்கச் சொன்னேன். மாதாவைக் கூப்பிட்டாயிற்று, பாவிகளாகிய எங்களுக்காக என்றாயிற்று, இப்பொழுதும் என்றாயிற்று. அடுத்து எங்கள் மரண நேரத்திலும் என்று வர வேண்டும். "எங்கள்" என்றேன்.

அக்காவின் உள்ளங்கை என் வாய்மேல் வந்து விழுந்தது. ரோஜா வாசனை அடித்தது.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத சாமி" என்றாள். "நான் ஒரு நாளும் சொல்லல. சொல்ல உடல என்ற வாய்."

தினமும் அந்தக் கதவோரத்தில் அவள் ஏன் பாதியில் நிறுத்தினாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பங்கு முழுவதற்கும் ஜெபம் சொல்லித் தந்தவள், தம்பியின் கதவுக்கு முன்னால் அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து, பாதி மந்திரமாகவே தட்டுத் தட்டாக மாதாவுக்குக் கொடுத்திருக்கிறாள். நான் அந்தக் கையை விலக்கவில்லை. அதற்குள்ளேயே உதட்டை அசைத்து ஆமென் என்றேன். அவளும் ஆமென் என்றாள், பழைய குரலில், வராந்தா முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி.